முழங்கால் குணமாகக் கூடாது

"போர்ட் முடியிற வரைக்கும் இந்த முட்டி குணமாகக் கூடாது."

நோபர்ட் இப்படிச் சொன்னதும் ஓட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, நமக்கேன் வம்பு என்று வீதிக்குத் திரும்பிவிட்டார்.

மதலேனாவுக்குத்தான் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. மாத்தளையில் கிளினிக் முடிந்து பலாபத்வலக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பிசியோதெரபி மிஸ் சிவதர்ஷினி அவளுடைய வலது முழங்காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு நல்ல செய்தி சொல்லியிருந்தாள்.

"தேஞ்சது தேஞ்சதுதாம்மா. திரும்ப வளராது. ஆனா முட்டியத் தாங்குறது எலும்பு மட்டுமில்ல, தொடைச் சதையும்தான். அதப் பலமாக்கிட்டா முட்டிக்குப் பாரம் கொறையும், வலியும் கொறையும்."

எப்படி என்றும் காட்டிக் கொடுத்தாள். துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திப் பிடிக்கவேண்டும். காலை நீட்டித் தூக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து எழுந்து உட்காரவேண்டும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அந்த வலி இறங்கிவிட்டால் பயமில்லை. இறங்காவிட்டால் குறைத்துச் செய்யலாம். நிறுத்தத்தான் கூடாது.

இவ்வளவையும் பக்கத்தில் இருந்து தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்த அவள் புருஷன்தான் இப்போது இப்படிச் சொல்கிறார்.

"என்னங்க பேசுறீங்க?"

"நீ எதக் காட்டி டிரான்ஸ்பர் கேட்டிருக்க?" நோபர்ட் குரலைத் தாழ்த்தினார். கந்தோர் ரகசியம் பேசும்போது மட்டும் அவருக்கு வரும் குரல் அது.

"முட்டிய."

"மெடிக்கல் போர்ட்ல எதப் பாப்பாங்க?"

"முட்டியத்தான்."

"அது ஜம்முனு நடந்து போய் அவங்க முன்னால நின்னா எதப் பாத்து டிரான்ஸ்பர் குடுப்பாங்க? ஒன் மூஞ்சப் பாத்தா?"

மதலேனா முழங்காலைத் தடவிக்கொண்டாள். கேள்வி அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வில்கமுவ பஸ் ஏறுவதும், வெள்ளிக்கிழமை இருட்டின பிறகு பலாபத்வலயில் வந்து இறங்குவதுமாக ஆறு வருஷம் ஓடிவிட்டது. அங்கே ஓர் அரச கந்தோரில் அவள் முகாமைத்துவ உதவியாளர், கோப்பும் கடிதமும் பார்க்கும் வேலை. வயது ஐம்பத்தாறு. ஒரே மகள் ஷெரோமி கல்யாணம் முடித்து இத்தாலிக்குப் போய்விட்டாள். மதலேனாவுக்கு இப்போது இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மிச்சமிருக்கும் சேவைக்காலத்தை மாத்தளைப் பக்கம் ஏதாவது ஒரு கந்தோரில் கழித்துவிட்டு, தினமும் வீட்டுக்கு வந்து தன் கட்டிலில் படுக்கவேண்டும். அதற்குத்தான் இந்த இடமாற்றம்.

நோபர்ட் சாதாரண ஆளில்லை. பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவர். காணிச் சண்டை, இழுபடும் பென்ஷன், பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி, எதற்கு மனு எழுதவேண்டுமென்றாலும் பலாபத்வல சனம் அவர் வீட்டு விறாந்தைக்குத்தான் வரும். தான் எழுதிய மனு ஒன்றுகூடத் தோற்றதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கந்தோர் விஷயங்களில் இத்தனை வருஷமாக அவர் சொன்னதெல்லாம் பலித்தும் இருந்தது. அதுதான் தொல்லை.

"அப்ப எல்லாரும் போடுற வருசாந்த இடமாற்றத்துக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்போமே?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"பைத்தியமா ஒனக்கு? ரெண்டு பக்கமும் கேட்டா, அந்தப் பக்கம் பாத்துக்குவாங்கன்னு இந்தப் பக்கம் விட்டுருவாங்க. மெடிக்கல்தான் ராஜபாட்டை. நீ சும்மா இரு. சும்மா இருக்கிறதுதான் ஒன் வேல."

ஜூன் மாதத்தோடு வருடாந்த இடமாற்றத்துக்கான கடைசித் திகதியும் போய்ச் சேர்ந்தது. மதலேனா சும்மா இருந்தாள்.

*

சும்மா இருந்த முழங்கால் சும்மா இருக்கவில்லை.

காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் துருப்பிடித்த கேற் மாதிரி அது கிறீச்சிட்டது. கந்தோரில் கோப்பு எடுக்க எழும்பும்போது மேசை விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நடக்க முடிந்தது. வில்கமுவயில் அவள் வாடகைக்குத் தங்கிய போடிங்கில் குந்தி இருக்கும் கக்கூசுதான். அங்கே அவள் பட்ட பாட்டை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது. கடைசியில், அதே போடிங்கில் தங்கியிருந்த கந்தோர்த் தோழி விஜிதா ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டுவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ராணி சிம்மாசனம் ரெடி அக்கா."

"சிரிக்காதடி. சிரிச்சாலும் முட்டி வலிக்குது."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தவறாமல் நோபர்ட்டின் போன் கோல் வரும்.

"ஒண்ணும் செய்யலியே?"

"செய்யல."

"கந்தோர்ல நொண்டுறியா? நாலு பேர் பாக்கணும்."

"நடிக்கத் தேவையே இல்லீங்க. அது தானா நொண்டுது."

"அப்ப நல்லது!"

அந்த 'நல்லது' ஒவ்வொரு நாளும் அவள் நெஞ்சில் கல்லாய் விழுந்தது. வலிக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்படும் புருஷனை உலகத்தில் வேறு யாருக்காவது ஆண்டவர் கொடுத்திருக்கிறாரா?

அடுத்த கிளினிக்கில் சிவதர்ஷினி அவளுடைய தொடையில் கையை வைத்தாள். காலைத் தூக்கச் சொன்னாள். கால் கொஞ்சம் எழும்பி, நடுங்கி, விழுந்தது.

"எக்சசைஸ் செஞ்சீங்களாம்மா?"

"செஞ்சேன் மிஸ்."

"நீங்க செஞ்சேன்னு சொல்றீங்க. இந்தச் சத செய்யலன்னு சொல்லுது. நான் யார நம்புறது?"

மதலேனா கூரையைப் பார்த்தாள். சிவதர்ஷினி கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் வெளியே வந்தது.

"தோட்டத்திலருந்து வர்ற அம்மாமாரு, மல ஏறிக் கொழுந்து எடுக்கிறோம், இதுக்கு மேல என்ன எக்சசைஸ்ங்கிறாங்க. டவுன் ஆக்கள் ஊசி போடச் சொல்றாங்க. கடைக்கார மொதலாளிமாரு எண்ணெயப் பூசிக்கிட்டு வந்து என் மேசையெல்லாம் வழுக்குது. எல்லாரும் கடைசியில சொல்றது ஒண்ணுதான், பிசியோவுக்குப் போனேன், சரிவரல. செஞ்சாத்தானேம்மா சரிவரும்? ஒங்க காலுக்கு நான் வந்து எக்சசைஸ் செய்ய ஏலுமா?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மதலேனாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. மிஸ், என் புருஷன் விடவில்லை. இதைச் சொல்ல எந்தப் பொம்பிளைக்கு வாய் வரும்? அதுவும் அரச உத்தியோகம் பார்க்கிற பொம்பிளைக்கு?

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நோபர்ட் ஆவலோடு எழுந்தார்.

"என்ன சொன்னா? மோசமாயிருச்சுன்னாளா?"

"ஆமா."

"வெரி குட்!"

*

போர்டுக்கு ஒக்டோபரில் திகதி கொடுத்திருந்தார்கள். ஜூலையில் யானை வந்தது.

கந்தோர் விட்டு, விஜிதாவும் அவளும் வாய்க்கால் ஓரமாக போடிங்குக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வயலில் நின்ற மனிதர் ஒருவர் திடீரென்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். முன்னால் போன மோட்டார் சைக்கிள் ஒன்று அப்படியே திரும்பி அவர்களைத் தாண்டிப் பறந்தது.

"அக்கா, ஓடு!"

வளைவில், வாழைத் தோட்டத்து வேலியை மிதித்துக்கொண்டு ஒற்றை யானை வீதியில் இறங்கியது. கூப்பிடு தூரம்கூட இல்லை.

விஜிதா ஓடினாள். வயல்காரர் ஓடினார். எங்கிருந்தோ வந்த இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மதலேனாவும் ஓடினாள். அதாவது, ஓடுவதற்கு மனசு கிளம்பியது. வலது முழங்கால் கிளம்பவில்லை. ஒரு காலடி வைத்ததும் உள்ளே எதுவோ பூட்டிக்கொண்டது. தொடை நடுங்கியது. கை பிடிக்க மேசையும் இல்லை, சுவரும் இல்லை. வீதி நடுவில், பை தோளில் தொங்க, விளக்குத் தூண் மாதிரி அவள் நின்றாள்.

யானை அவளைப் பார்த்தது. அவளும் யானையைப் பார்த்தாள்.

ஒரு செபம்கூட வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே ஒரு நினைப்புத்தான். 'ஒக்டோபர் வரைக்கும் பொறு.' யாரிடம் சொல்கிறாள், யானையிடமா, முழங்காலிடமா?

ஓடிப்போன விஜிதா பாதியில் திரும்பி வந்தாள். அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மூட்டையை இழுப்பது போல் இழுத்துக்கொண்டுபோய் ஒரு வீட்டுக் கேற்றுக்குள் தள்ளினாள். யானை அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டு வாழையை முறித்து, ஆறுதலாகத் தின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

அன்று கோல் வந்தபோது மதலேனா அழுதுகொண்டே எடுத்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். மறுபக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அவருக்கும் அழுகை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தாள்.

"மதலேனா," என்றார் நோபர்ட், "இது நல்ல பொயிண்ட்! யானைய மனுவில சேர்ப்போம்!"

அவள் போனை வைத்தாள். வைத்த கையோடு அலுமாரியைத் திறந்தாள். துவாயை எடுத்துச் சுருட்டினாள். பாயில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே அதை வைத்து, நோபர்ட்டின் கழுத்தை அழுத்துவது போல் நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

விஜிதா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஐயா வேணாம்னாருல்ல?"

"ஐயாவ யானை தொரத்தல."

*

ஆரம்பித்த உடனே வலி பறந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் வாரம் தொடை முழுவதும் அடித்துப் போட்ட மாதிரி நொந்தது. இரண்டாம் வாரம் முழங்கால் வீங்கினதாகத் தோன்ற, பயந்துபோய் கிளினிக்குக்குக் கோல் எடுத்தாள். "கொறைச்சுச் செய்ங்க, நிப்பாட்டாதீங்க" என்று சிவதர்ஷினி மறுபடியும் அதையே சொன்னாள். இந்த முறை அந்தக் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. நொந்த சதை செய்த சதை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மாதம் போனது. ஒன்றும் மாறவில்லை. விடியப்புறம் எழும்பி, இருட்டில் தேத்தண்ணி வைத்துவிட்டு, கதிரையிலிருந்து எழும்பி உட்காரும்போதெல்லாம் மதலேனாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. செய்யாமல் இருந்தாலும் வலி, செய்தாலும் வலி. வீட்டுக்குப் போக முழங்கால் கெட வேண்டும், உயிர் தப்ப முழங்கால் நல்லாக வேண்டும். ஒரு முழங்கால் எத்தனை பேருக்குத்தான் வேலை செய்யும்?

விஜிதா விடவில்லை. சட்டியில் சம்பலைக் கிளறிக்கொண்டே அதட்டுவாள். "கை ஊணுறீங்க! நான் பாத்தேன்! மறுபடி!"

"நீ எனக்குச் சிநேகிதியா, பொலிஸ் எஸ்.ஐ.யா?"

"ரெண்டுந்தான். எழும்புங்க."

ஆகஸ்ட் முடியும் தறுவாயில் ஒரு நாள். கந்தோர்ப் பெரிய துரை அவசரமாகக் கேட்டாரென்று இரண்டு கையிலும் கோப்புகளை அள்ளிக்கொண்டு மதலேனா கதிரையை விட்டு எழுந்து, அவருடைய அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு கையிலும் கோப்பு இருந்தது. அப்படியானால் எதைப் பிடித்து எழும்பினாள்?

சந்தோஷம் ஒரு வினாடி. அடுத்த வினாடி ஞாபகம் வந்தது. போர்ட்!

அதற்குப் பிறகு வார இறுதிகள் நாடகமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நொண்ட ஆரம்பிப்பாள். நோபர்ட் வாங்கி வைத்திருந்த ஊன்றுகோலை வாங்கிக்கொள்வாள். எந்தக் கால் என்பது சில வேளை மறந்துபோகும்.

"நேத்து இடதுல சாஞ்ச மாதிரி இருந்துச்சே?" என்பார் நோபர்ட்.

"வலி மாறி மாறி வருது."

"மாறக் கூடாது! எக்ஸ்ரே வலதுக்குத்தான் எடுத்திருக்கு!"

ஞாயிறு பூசைக்கு அவளை முன் வாங்கில் உட்கார வைப்பது அவருடைய ஏற்பாடு. முழங்காலில் நிற்க முடியாத பொம்பிளை என்பதை ஊர் பார்க்கட்டும் என்று. குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. கோயில் முழுக்க முழங்காலில் இறங்கியது. சிறு வயதிலிருந்து மணிச் சத்தத்துக்குப் பழகிய உடம்பு, என்ன செய்யும்? மதலேனாவும் இறங்கிவிட்டாள்.

பக்கத்தில் பாம்பு சீறியது.

"எழும்பு!" நோபர்ட்டின் முகம் வெளிறிப் போயிருந்தது. "இல்ல இல்ல, எழும்பாத! டக்குனு எழும்பினா பாத்துருவாங்க. தடுமாறி எழும்பு!"

ஆண்டவருக்கு முன்னால் தடுமாறி எழும்பி நடித்தாள் மதலேனா. அந்த வெட்கத்தில் அன்று நற்கருணை வாங்கப் போகவில்லை. பின் வாங்குப் பொம்பிளைகள் அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டியது காதில் விழுந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் வலித்தது.

*

போர்ட் நாள். புதன்கிழமை.

நோபர்ட் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார். காத்திருக்கும் இடத்தில் கடைசி ஒத்திகை நடந்தது.

"எக்சசைஸ் செஞ்சீங்களான்னு கேட்டா?"

"வலியால செய்ய முடியல."

"சபாஷ். கூடப் பேசாத."

கூட்டிச் செல்ல வந்த பியூன் நோபர்ட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே நோயாளி மட்டும். மதலேனா ஊன்றுகோலோடு, வலது காலை இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டொக்டர்மார். நடுவில் இருந்தவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஆரம்பித்தார். அவர் குரல் கடுமையாக இல்லை. களைத்திருந்தது.

"தேய்வு நல்லாவே தெரியுது. படி ஏறுவீங்களா?"

"கஷ்டம் டொக்டர்."

"எக்சசைஸ் சொல்லிக் குடுத்திருக்காங்களே, செய்றீங்களா?"

வந்துவிட்டது. மதலேனா ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

"வலியால செய்ய முடியல டொக்டர்."

டொக்டர் கோப்பை மூடினார். அவ்வளவு சாதாரணமாக மூடினார்.

"அப்ப இப்பவே நாங்க முடிவு சொல்ல ஏலாது. இந்த நோய்க்கு முதல் வைத்தியமே எக்சசைஸ்தான். அதச் செய்யாம, வைத்தியம் சரிவரலன்னு எப்படி எழுதுறது? மூணு மாசம் ஒழுங்காச் செஞ்சிட்டு வாங்க. அடுத்த ஆள்!"

மதலேனா எழும்பவில்லை. மூணு மாசமா? ராஜபாட்டை என்றாரே நோபர்ட்? குணமாகக் கூடாது என்றாரே? அந்தப் பாழாய்ப்போன விடியப்புறங்கள் எல்லாம் எந்தக் கணக்கில்?

"செஞ்சேன் டொக்டர்!"

"என்ன?"

"செஞ்சேன்! ஜூலையில இருந்து செய்றேன்! ஒவ்வொரு நாளும் செய்றேன்!"

"இப்பத்தானே செய்யலன்னீங்க?"

வாயால் சொல்லிப் பயனில்லை. மதலேனா ஊன்றுகோலைத் தூக்கி அவர்களுடைய மேசையிலேயே வைத்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். கோபம் தொடையில் இறங்கி அவளைத் தூக்கித் தூக்கி விட்டது. ஓரத்தில் இருந்த பெண் டொக்டர் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், போதும்!" நடுவில் இருந்தவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "வலி எப்படி இப்ப?"

"இருக்கு. சில நாள் இருக்கு, சில நாள் தெரியல. முந்தி மாதிரி இல்ல."

"அருமை! எத்தனை பேருக்கு நாங்க சொல்றோம், யாரு செய்றா? விடாம செய்ங்க." அவர் பேனையை எடுத்தார். "அப்ப இருக்கிற இடத்திலயே வேல செய்யலாம். இடமாற்றத்துக்கு மருத்துவக் காரணம் இல்ல."

மூச்சு வாங்க மதலேனா கேட்டாள். "டொக்டர், வில்கமுவயில என் முழங்கால் மட்டும் இல்ல. நானும் இருக்கேன்."

சிரிப்பு மறைந்தது. பேனையும் ஒரு வினாடி நின்றது.

"எனக்கு விளங்குது மிஸ். ஆனா இங்க முழங்கால் மட்டும்தான் வரும். மத்தது எங்க அதிகாரத்தில இல்ல."

*

மாத்தளையிலிருந்து பின்னேர வில்கமுவ பஸ் கிளம்பியது. லீவு அவ்வளவுதான், நாளைக்குக் கந்தோர். பலாபத்வல வழியாகத்தான் இந்த பஸ் போகும் என்பதால் நோபர்ட்டும் ஏறியிருந்தார். அவர் ஜன்னல் பக்கம், அவள் நடைவழிப் பக்கம்.

"செய்யலன்னா மூணு மாசம் பொறு. செஞ்சேன்னா போ. இதென்ன நியாயம்?" நோபர்ட் பஸ் ஸ்டாண்டிலிருந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ மட்டும் எழும்பி உக்காந்து சர்க்கஸ் காட்டலன்னா மூணு மாசத்தில மறுபடி போயிருக்கலாம். யாரு ஒனக்கு எக்சசைஸ் செய்யச் சொன்னா?"

"யானை."

"பகிடி விடாத."

"ஜூன்ல வருசாந்த அப்ளிகேஷன் போடுவோம்னு யாரு சொன்னா?"

நோபர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"இனி அடுத்த வருசம்தான் போடலாம். அதுக்கு அடுத்த வருசம்தான் கெடைக்கும், கெடைச்சா," என்றாள் அவள். "நான் முட்டியயும் கெடுத்து, அந்தக் கோயிலுக்குள்ள மானத்தயும் கெடுத்து, கடைசியில என்ன?"

நோபர்ட் குடையின் பிடியைத் திருகினார். பிறகு அவருக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது.

"பிரஷர்! ஒனக்கு பிரஷர் இருக்கில்ல? அத வச்சு ஒரு மனு எழுதினா என்ன? மாத்திரைய மட்டும் கொஞ்ச நாளைக்கு..."

மதலேனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வாக்கியம் பாதியிலேயே செத்தது.

"நீங்க பென்ஷன்காரர்," என்றாள் அவள் மெதுவாக. "ஒங்களுக்குக் கந்தோர் இல்ல, கையெழுத்து இல்ல, லீவு இல்ல. நான் ஒங்க கிட்ட வர்றதுக்குத்தானே ஆறு வருசமா பஸ்ஸும், இப்ப மனுவும். நீங்க என் கிட்ட வர்றதுக்கு எந்த போர்ட் அனுமதி குடுக்கணும்?"

"நானா? வில்கமுவக்கா?" அவர் பதறிப்போனார். "எனக்கு அங்க என்ன வேல?"

"எனக்கு அங்க வேல இருக்கு. ஒங்களுக்கு வேலயே இல்ல. அப்ப யாரு வர்றது லேசு?"

"வீட்ட யாரு பாக்கிறது? மனு எழுத சனம் வருமே! அங்க ஒரு பேப்பர் கூட நேரத்துக்கு வராதுன்னு நீதானே சொன்ன?"

"யானை வரும். மனு எழுதலாம்."

"பலாபத்வல! பலாபத்வல!" கண்டக்டர் கதவடியிலிருந்து கத்தினார்.

நோபர்ட் அவசரமாகக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலோரத்திலிருந்து வெளியே வர, மதலேனா வழி விட வேண்டும். அவள் அசையவில்லை.

"எழும்பு, எறங்கணும்."

"எழும்ப முடியாது. முட்டி வலிக்குது."

"என்னது?" நோபர்ட்டின் குரல் கீச்சிட்டது. "டொக்டருக்கு முன்னால எழும்பி எழும்பி உக்காந்தியே!"

"அதுதான் வலிக்குது."

"மதலேனா! பஸ் போகப் போவுது! சனம் பாக்குது!"

"பாக்கட்டும். நாலு பேர் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் அவளைத் தாண்டிப் போகக் காலைத் தூக்கிப் பார்த்தார். இடம் போதவில்லை. முன் சீற்றைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார். அவள் முன் சீற்றில் இரண்டு முழங்காலையும் நன்றாக அழுத்திக்கொண்டாள். வலித்தது. நிஜமாகவே வலித்தது. எடுக்கவில்லை.

இறங்குபவர்கள் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் விசிலடித்தார். பஸ் குலுங்க, நோபர்ட் குடையோடு சீற்றில் விழுந்தார். ஜன்னலில் அவருடைய வீட்டுக்குத் திரும்பும் முடக்கு வந்து, போனது.

"மாத்திக் கட்டச் சாரம் கூட இல்ல!" என்றார் அவர், அழுகிறவர் மாதிரி.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, "மாத்தயா, ஒங்க டிக்கட் பலாபத்வல வரைக்கும்தானே?" என்றார்.

"மாத்திக் குடுங்க," மதலேனா பைக்குள் கையை விட்டாள். "இவருக்கும் வில்கமுவ."

பஸ் நாலந்தாவைத் தாண்டியது. அவளுக்குக் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்," என்றார் நோபர்ட், ஜன்னலைப் பார்த்தபடி.

அவள் முன் சீற்றிலிருந்து முழங்கால்களை எடுத்தாள்.